குறொய்டன்: உயர்ந்த வரியும் நாம் வாசிக்காத கணக்கும்

தென் இலண்டனில் எம்மவர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்றான குறொய்டனின் உள்ளூராட்சிச் சபைக்கு 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு ஆணையாளர்களை நியமித்தது. மக்கள் தெரிவுசெய்த சபையொன்றின் நிதி நிர்வாகத்தை நேரடியாகக் கண்காணிக்கவும், தேவைப்படின் சபையின் இடத்திலிருந்து முடிவெடுக்கவும் அதிகாரம் பெற்றவர்கள் இவர்கள். தன்னிடம் செலவுக்குப் பணமில்லை என்று 2020 நவம்பரில் அறிவித்த சபை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்தும் சொந்தக் காலில் நிற்க இயலாதிருந்ததன் விளைவே இந்நியமனம்.

இது அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. இலங்கையிலிருந்து வந்து புகலிடம் கோரிய எம்மக்களுக்கு இந்நாட்டில் முதன்முதலில் அறிமுகமான பெயர்களுள் குறொய்டனும் ஒன்று. உள்துறை அமைச்சின் லூனார் ஹவுஸ் கட்டடம் அமைந்துள்ளது அங்கேதான். அக்கட்டடத்தின் முன் வரிசையில் நின்றவர்களுட் பலர் பின்னர் தோர்ன்ரன் ஹீத்திலும் மேற்குக் குறொய்டனிலும் குடியமர்ந்தனர், கடை வைத்தனர், வீடு வாங்கினர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அவர்கள் செலுத்தும் வரி எங்கே போனது, ஏன் உயர்ந்தது, அதற்குப் பொறுப்பு யாருடையது என்பவற்றை விளங்கிக்கொள்வது அவசியம். குறொய்டனின் கதை நாளை ஈஸ்ற்ஹாமிலோ ஹரோவிலோ வாழ்வோருக்கும் பயன்படக்கூடியது.

வருமானம் எங்கிருந்து வருகின்றது?

இங்கிலாந்தில் ஓர் உள்ளூராட்சிச் சபையின் நிதியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிவடைகின்றது. சபையின் வருமானத்துக்கு மூன்று முக்கிய ஊற்றுக்கள் உள. ஒன்று, குடியிருப்பாளர் செலுத்தும் கவுன்சில் வரி. இரண்டு, கடைகளும் தொழில் நிலையங்களும் செலுத்தும் வணிக வரி. மூன்று, மத்திய அரசு வழங்கும் மானியம். இவற்றுடன் வாகனத் தரிப்பிடக் கட்டணம் போன்ற சில்லறை வருமானங்களும் சேரும்.

கவுன்சில் வரி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த தலைவரிக்குப் பதிலாக வந்த வரி இது. இங்கிலாந்தில் வீடுகள் ஏ முதல் எச் வரை எட்டுப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1991 ஏப்ரல் 1 இல் ஒரு வீடு எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கும் என்பதே இன்றுவரை அப்பிரிவின் அடிப்படை. டி படிதான் அளவுகோல். ஏ படியினர் அதில் மூன்றில் இரண்டு பங்கையும், எச் படியினர் இரு மடங்கையும் செலுத்துகின்றனர். ஆதலால், பெருமாளிகையில் வாழ்பவர் சிறு தொடர்மாடி வீட்டில் வாழ்பவரைவிட மூன்று மடங்குக்கு மேற் செலுத்துவதில்லை. குறைந்த வருமானமுடையோர் மீது இவ்வரி பாரமாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வணிக வரியின் வீதத்தைச் சபை தீர்மானிப்பதில்லை. மத்திய அரசே தீர்மானிக்கின்றது. எமது கடைக்காரர்கள் வணிக வரிக்காகச் சபையை நோவது இதனாற் பொருந்தாது. ஒரேயொரு சிறு கடை வைத்திருப்பவர், அதன் வரிப் பெறுமதி 12,000 பவுணுக்கு மேற்படாதாயின், முழு விலக்குக் கோரலாம் என்பதை அறிந்திருத்தல் நன்று.

மூன்றாவது ஊற்றே வற்றியது. 2010 ஐத் தொடர்ந்த பத்தாண்டுகளில் மத்திய அரசு உள்ளூராட்சிக்கு வழங்கிய நிதி, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆட்சியிலிருந்தோர் இலண்டனிற் குறைத்த பணத்தை, உள்ளூர்ச் சபைகள் கவுன்சில் வரி மூலம் மக்களிடமே பெற்றுக்கொள்ளும் நிலை உருவாகியது.

செலவு எதற்கு?

குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிப்பதுமே கவுன்சிலின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணுக்குத் தெரியும் சேவைகள் அவை என்பது உண்மை. ஆயினும் பெருஞ்செலவு கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே ஏற்படுகின்றது. முதியோரையும் வலுவிழந்தோரையும் பராமரித்தல், ஆபத்திலுள்ள பிள்ளைகளைப் பொறுப்பேற்றல், வீடிழந்தோருக்குத் தற்காலிக உறைவிடம் அளித்தல் ஆகிய மூன்றும் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்ட கடமைகள். இவற்றைச் சபை தவிர்க்க முடியாது. எளிதிற் குறைக்கக்கூடியவை நூலகம், நீச்சற் குளம், பூங்கா, இளைஞர் நிலையம் போன்றவையே. பணம் குறையும்போது வெட்டு முதலில் இவற்றின்மீது விழுவதன் காரணம் இதுதான்.

கவுன்சில் வரிப் பத்திரத்திலுள்ள தொகை முழுவதும் கவுன்சிலுக்கு உரியதன்று. இலண்டனில் அதன் ஒரு பகுதி இலண்டன் பெருநகர அதிகாரசபைக்குச் செல்கின்றது. பொலிஸ், தீயணைப்பு, போக்குவரத்து என்பன அதன்கீழ் வருவன. பள்ளிகளுக்கான அரச பணம் சபையின் ஊடாக வந்தாலும் அதனை வேறு தேவைக்குத் திருப்ப முடியாது. கவுன்சில் வீடுகளின் வாடகைக்கும் தனிக் கணக்கு உண்டு. மருத்துவமனையோ குடிவரவோ கவுன்சிலின் பொறுப்பே அல்ல. எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறியாமல் எம்மவர் அலைவதைத் தவிர்க்க இப்பிரிவினை உதவும்.

கடன் பெருகிய வழி

சட்டப்படி ஒவ்வொரு சபையும் ஆண்டுதோறும் துண்டுவிழாத வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றியாக வேண்டும். கட்டடம், வீதி போன்ற நிலையான சொத்துக்களுக்காகக் கடன் பெறலாம்; அன்றாடச் செலவுக்காகப் பெற முடியாது. வீடு வாங்கக் கடன்படுவது வேறு, அரிசி வாங்கக் கடன்படுவது வேறு என்பது எமது வீடுகளில் எவரும் அறிந்த நியாயம்.

மானியம் குறைந்த காலத்தில் பல சபைகள் வணிகத்தில் இறங்கின. அரசிடமிருந்து குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றுக் கட்டடங்களை வாங்கி, அவற்றின் வருமானத்தால் சேவைகளைக் காப்பாற்றலாம் என்பது அவற்றின் கணக்கு. குறொய்டன் சபை 2015 இல் 'பிறிக் பை பிறிக்' என்ற சொந்த வீடமைப்பு நிறுவனத்தைத் தொடங்கி, அதற்கு ஏறத்தாழ 200 மில்லியன் பவுண்களைக் கடனாக வழங்கியது. 2018 இல் ஒரு விடுதியை ஏறத்தாழ 30 மில்லியன் பவுணுக்கும், ஒரு கடைத்தொகுதியை 50 மில்லியனுக்கும் மேற்பட்ட விலைக்கும் வாங்கியது. பெயயர்பீல்ட் கலையரங்கின் புனரமைப்புக்கு 30 மில்லியன் என மதிப்பிடப்பட்டது. செலவோ அதன் இரு மடங்கையும் தாண்டியது. 2020 இல் கொரோனா பரவியபோது விடுதியை நடத்திய நிறுவனம் நொடித்தது. வீடமைப்பு நிறுவனத்திலிருந்து எதிர்பார்த்த இலாபமும் வந்து சேரவில்லை.

2020 ஒக்ரோபரில் வெளிக் கணக்காய்வாளர்கள் பொதுநலன் கருதிய அறிக்கையை வெளியிட்டனர். எச்சரிக்கைகள் பல இருந்தும் சபையினர் அவற்றைக் கேட்கத் தவறினர் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, 1988 ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114 ஆம் பிரிவின்கீழ் முதல் அறிவித்தல் வந்தது. 2020 டிசம்பரில் இரண்டாவதும், 2022 நவம்பரில் மூன்றாவதும் வந்தன. இதனைப் பத்திரிகைகள் வங்குரோத்து என்று எழுதுகின்றன. கம்பனியைப் போலக் கவுன்சிலை இழுத்து மூட முடியாது. சட்டம் கட்டாயப்படுத்தும் சேவைகள் தவிர்ந்த புதிய செலவுகள் அனைத்தும் நிறுத்தப்படும் என்பதே அவ்வறிவித்தலின் பொருள். மூன்றாவது அறிவித்தல் வந்தபோது சபையின் கடன் ஏறத்தாழ 1,600 மில்லியன் பவுண்.

பின்னர் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். அன்றாடச் செலவுக்குக் கடன் பெறக்கூடாது என்ற விதியைத் தளர்த்தி, கடன் பெறவும் சொத்துக்களை விற்கவும் அரசு சபைக்கு விசேட அனுமதி வழங்கியது. 2025-26 ஆம் ஆண்டுக்கு மட்டும் அந்த அனுமதி 136 மில்லியன் பவுண். இது நன்கொடையன்று. அரிசிக்குப் பட்ட கடன். வட்டியுடன் திருப்பிச் செலுத்தவேண்டியது.

அகதிகளா காரணம்?

கவுன்சில்கள் நொடிக்கும்போதெல்லாம் அகதிகளின் பக்கம் விரல் நீட்டுவோர் இந்நாட்டில் உளர். எம்மவரிலும் முன்னே வந்தோர் சிலர் பின்னே வந்தோரைப் பற்றி அவ்வாறே பேசக் கேட்கின்றோம். ஆகவே உண்மையைப் பிரித்துச் சொல்வது கடமை.

1996 இல் புகலிடம் கோருவோர் பலரின் அரச உதவிப்பணம் நிறுத்தப்பட்டபோது, 1948 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் அவர்களைப் பராமரிக்கும் கடமை உள்ளூராட்சிச் சபைகளுக்கு உண்டென நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அக்காலத்தில் அச்செலவு சபைகளின் தோளில் ஏறியது உண்மை. ஆனால் 1999 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை உள்துறை அமைச்சிடம் ஒப்படைத்தது. அதன்பின்னர் புகலிடக் கோரிக்கையாளரின் உறைவிடத்துக்கும் வாராந்த உதவிப்பணத்துக்கும் பொறுப்பாக இருப்பது அமைச்சே.

இதற்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. பெற்றோரின்றித் தனியே வந்துசேரும் பிள்ளைகளைச் சிறுவர் சட்டத்தின்கீழ் கவுன்சிலே பொறுப்பேற்கின்றது. லூனார் ஹவுஸ் காரணமாக இப்பிள்ளைகளின் தொகை குறொய்டனில் நீண்டகாலமாக அதிகம். அரசு தரும் மானியம் செலவுக்குப் போதவில்லை என்று சபை முறையிட்டு வந்துள்ளது. அது சபைக்கும் அரசுக்கும் இடையிலான நியாயமான வழக்கு. ஆயினும் விடுதியை வாங்கியதும், கலையரங்கின் செலவை இரட்டிப்பாக்கியதும், வீடமைப்பு நிறுவனத்துக்கு அள்ளிக்கொடுத்ததும் அந்தப் பிள்ளைகள் அல்லர்.

விலை கொடுத்தவர் யார்?

2023 இல் குறொய்டன் கவுன்சில் வரியை 14.99 வீதத்தால் உயர்த்த அரசு அனுமதித்தது. இலண்டனின் ஏனைய சபைகள் மக்கள் வாக்கெடுப்பின்றி உயர்த்தக்கூடிய எல்லை அவ்வாண்டில் 4.99 வீதமாகவே இருந்தது. சபை உறுப்பினர்கள் முதலில் இவ்வரவு செலவுத் திட்டத்தை நிராகரித்தனர்; ஆயினும் அம்மாதமே அது நிறைவேறியது. சபைக்கென 1,500 பவுண் செலுத்திய குடும்பம் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 1,725 பவுண் செலுத்த நேர்ந்தது. 2020 இல் மூடப்பட்ட பேர்லி நீச்சற் குளம் நெடுங்காலம் திறக்கப்படவில்லை. 2024 இல் நான்கு நூலகங்களை மூட முடிவாயிற்று. வீட்டில் படிக்க மேசையில்லாத பிள்ளைக்கு நூலகம் ஆடம்பரமன்று.

இந்நிலையில் எவரும் தமக்குரிய சலுகையை இழக்கக்கூடாது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் வாழின் 25 வீதக் கழிவு உண்டு. அனைவரும் முழுநேர மாணவராயின் வரி இல்லை. குறைந்த வருமானமுடையோருக்கான வரிக்குறைப்புத் திட்டம் 2013 முதல் ஒவ்வொரு சபையாலும் தனித்தனியே வகுக்கப்படுகின்றது. ஓய்வூதிய வயதினருக்கு மட்டும் நாடு தழுவிய விதி. எச்சரிக்கை ஒன்று: அரச நிதியுதவி பெறத் தடையுள்ள விசா உடையோர் இவ்வரிக்குறைப்பைக் கோரினால் அது அவர்களின் வதிவிட உரிமையைப் பாதிக்கலாம். விண்ணப்பிக்குமுன் தகுந்த சட்ட ஆலோசனை பெறுக. அமைச்சு வழங்கிய உறைவிடத்தில் வாழும் புகலிடக் கோரிக்கையாளர் இவ்வரிக்குப் பொறுப்பல்லர். அந்தஸ்துக் கிடைத்துத் தனிவீடு புகுந்த நாள்முதல் பொறுப்பாவர். தவணை தவறியவர்கள் கடிதங்களைத் திறவாமல் ஒதுக்கிவைப்பதே பெரும் ஆபத்து. முழு ஆண்டுத் தொகையும் ஒரேயடியாகக் கேட்கப்படும், நீதிமன்ற ஆணையும் அறவிடுவோரும் தொடர்ந்து வருவர், செலவும் சேரும். முதற் கடிதத்துடனேயே சபையுடன் பேசித் தவணையை மாற்றிக்கொள்ளலாம்.

கேட்கும் உரிமை

சீட்டுக் கட்டினால் கணக்குக் கேட்கின்றோம். கோயிற் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் விளக்கம் கேட்டு இரவு நெடுநேரம் வாதிடுகின்றோம். அவற்றைவிடப் பன்மடங்கு பணத்தை ஆண்டுதோறும் பெறும் கவுன்சிலிடம் எதையும் கேட்பதில்லை.

உரிமை இல்லாமையால் அன்று. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆண்டும் 30 வேலைநாட்களுக்குச் சபையின் கணக்கேடுகளைப் பார்வையிடலாம். அப்பகுதி வாக்காளர் கணக்காய்வாளரிடம் வினா எழுப்பலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். பிரித்தானியக் குடியுரிமை பெற்றால்தான் வாக்குரிமை என்று எண்ணுவது தவறு. இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். அந்நாடுகளின் பிரசைகள், இங்கு தங்க அனுமதி பெற்றிருப்பின், வாக்காளராகப் பதிந்து வாக்களிக்கலாம்.

அந்த வாக்கின் பெறுமதிக்கும் குறொய்டனே சான்று. நிதிச் சீர்கேட்டின் பின்னர், மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வதா என 2021 ஒக்ரோபரில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் ஆம் என்றனர். ஆனால் வாக்களித்தோர் ஐந்தில் ஒரு பங்கினரளவே. 2022 மேயில் நடந்த முதலாவது மேயர் தேர்தலில் ஜேசன் பெரி 589 வாக்குகளால் வெற்றி பெற்றார். எமது கோயிற் தேர்த்திருவிழாக்களில் கூடுவோரின் தொகை இதனைவிட அதிகம்.

எக்கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் முடிவு. வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகளையாவது கேட்போம்: சபையின் கடன் எவ்வளவு? ஆண்டு வட்டி எவ்வளவு? அடுத்த ஆண்டில் எந்தச் சேவை வெட்டப்படும்? விடை தெரியாதவர் எமது பணத்தை நிர்வகிக்கத் தகுதியற்றவர்.