கொழும்பில் இருக்கும் கல்

2019 பிப்ரவரியில் புல்வாமாவில் சவலாப்பேரி சுப்பிரமணியன் இறந்தப்போ எங்க கரிசக்காடே அழுதது. மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்காரர். உளுந்துக்கும் கம்புக்கும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற ஊர்கள்ல, மிலிட்டரி, போலீஸ்னு செலக்‌ஷனுக்கு ஓடாத பையன் குறைச்சல். அதனால அந்தச் சாவு எல்லா வீட்டுச் சாவு மாதிரி ஆயிட்டு.

அதே ரிசர்வ் போலீஸ்ல இருந்து இலங்கைக்கும் ஆள் போனாங்க, பெண் போலீஸ் உட்பட. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு போன அமைதிப் படையோட. பட்டணத்துல இருக்கிற உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? 1990 மார்ச்சில் கடைசி ஆள் கிளம்புறதுக்குள்ள ராணுவத்தார் சுமார் 1,200 பேர் செத்திருந்தாங்க. 1987 நவம்பர் 25-ல் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நம்ம தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான். நெஞ்சுல குண்டு பாய்ஞ்ச பிறகும் சுட்டவன் துப்பாக்கியைப் பிடுங்கிச் சண்டை போட்டவர். பரம்வீர் சக்ரா குடுத்தாங்க.

திரும்பி வந்த படையைச் சென்னையில வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகல. அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாம இல்ல. 1987 தீபாவளி அன்னிக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளி, டாக்டர், நர்ஸ்னு பாக்காம சுட்டாங்க. அதை மறைச்சுப் பேசுறவன் நான் இல்ல.

ஆனா போகச் சொன்னது டெல்லி. சிப்பாய் உத்தரவுக்குப் போனவன். டெல்லி மேல வர வேண்டிய கோபத்தை அவன் பொணத்து மேல காட்டுறது என்ன நியாயம்? கட்டபொம்மனைத் தூக்குல போட்டு 200 வருசத்துக்கு மேல ஆச்சு, பாஞ்சாலங்குறிச்சியில கோட்டை கட்டி வச்சிருக்கோம். கவர்னகிரியில சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் இருக்கு. செத்த வீரனை மறக்காத மண்ணுய்யா இது.

அமைதிப் படையில செத்தவங்க பேரை வெட்டின கல் கொழும்புல, அவங்க பார்லிமெண்டு பக்கத்துல நிக்குது. 2015-ல் மோடி அங்க போய் மலர்வளையம் வச்சார். அடுத்த நாட்டுக்காரன் வச்ச கல்லு அது.

எங்க ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. தூத்துக்குடியில இருந்து கப்பல் விட்டது அந்தக் கொழும்புக்குத்தான். அந்தக் கடற்கரையில ஒரு கல் வச்சா என்ன? அங்க செத்த தமிழ்ச் சனத்தையும் அதே கல்லுல சேர்த்து எழுதட்டும். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.