தராசு காட்டாத வியாதி

ஒல்லியான மனிதனுக்கு நீரிழிவு வராது என்னும் எண்ணம் நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அது உண்டு கொழுத்த செல்வர்களின் வியாதி என்றே கும்பகோணத்தில் இன்றும் பலர் நினைக்கின்றனர். இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று, உயிருக்கே ஆபத்தானது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

2004-ஆம் ஆண்டில் ‘லான்ஸெட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் ஒரு படம் வெளியாயிற்று. புனா நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் யுட்கினும் அதில் அருகருகே நின்றனர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் காணும் எண் இருவருக்கும் 22.3. அதாவது, இருவரும் அளவான எடையுடையவரே. ஆனால் தேகத்திலுள்ள கொழுப்போ ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! தராசு இவ்வேற்றுமையைக் காட்டவில்லை.

இதன் காரணம் யாது? நம்மவரிற் பலருக்குத் தசை குறைவு. தோலின் அடியில் தங்க வேண்டிய கொழுப்பு வயிற்றினுள்ளும் கல்லீரலிலும் சேர்ந்து, இன்ஸுலினின் வேலையைத் தடுக்கிறது. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. புனாவின் சிசுக்களை இங்கிலாந்தின் சிசுக்களோடு ஒப்பிட்டபோது, எடையில் மிகக் குறைந்திருந்த நம் சிசுக்களிடம் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாய்மாரின் போஷணைக் குறைவிலேயே இவ்வியாதியின் வித்து இருக்கலாமென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், இதைச் செல்வரின் வியாதி என்பது எவ்வாறு பொருந்தும்?

காவிரி பாயும் நம் ஜில்லாவில் சோறே பிரதானம். நடவும் அறுப்பும் இயந்திரத்தின் வசமாகி உழைப்புக் குறைந்தது. தீட்டிய அரிசிச் சோறு குறையவில்லை. தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் மூலம் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். அவ்வாதத்தின் நியாயத்தை நம் வைத்தியசாலைகளில் இன்று காண்கிறோம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்றும், மேலும் 13 கோடிக்கு அதிகமானோர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. 30 வயது கடந்தோரைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டத்தின் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கும் இடம் உண்டு. அவ்விடத்தை ஒருபோதும் வெறுமையாக விடலாகாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருமே எல்லை. ஆள் மெலிவு என்று கண்ணால் கண்டு எவரையும் இரத்தப் பரிசோதனையின்றித் திருப்பி அனுப்பலாகாதென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம்.

நேயர்களுக்கும் ஒரு சொல். அரைஞாண் இறுகுவது தராசுக்குத் தெரியாது, அணிந்தவருக்குத் தெரியும். தொந்தியைச் செழிப்பின் அடையாளமென்று கொண்டாடுவதை விட்டு, இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள இம்மாதமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்ல மறவாதீர்கள்.