மீண்டும் பெல்பாட்டம்!

1970களில் வாலிபர்கள் தெருவைப் பெருக்கிக்கொண்டு நடந்த பெல்பாட்டம் மீண்டும் வந்துவிட்டது. சிவாஜிநகர் பக்கம் துணிக்கடைகளைப் பார்த்தாலே தெரியும். பாட்டிலும் இதே கதைதான். 1991-ல் வெளிவந்த 'குணா' படத்துப் பாட்டு, 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் ஒலித்ததும், அன்று பிறந்தேயிராத பிள்ளைகள் வாய்விட்டுப் பாடினார்கள்.

ஒரு தலைமுறை கழிந்ததும் பழசு புதுசாவது ஏன்? அன்று ரசித்த இளைஞர்கள் இன்று படமெடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கோ அது இன்றுதான் கேட்கும் பாட்டு.

பாட்டு திரும்பி வந்தால் நமக்குச் செலவில்லை. உடுப்பு அப்படியல்ல. அகலமான பேன்ட்டைப் பிடித்துக் குறுக்கலாம். குழாய் பேன்ட்டை அகலமாக்கத் துணிக்கு எங்கே போவது? ஆகவே பெட்டியிலுள்ள நல்ல பேன்ட்டெல்லாம் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிடுகிறது. புதுசு வேண்டுமென்று வீட்டில் பிடிவாதம். மாதச் சம்பளக்காரன் என்ன செய்வான்?

பிள்ளைகளின் ஆசையைக் குறை சொல்லவில்லை. அன்று பெல்பாட்டம் தைத்த தையற்காரர்களில் சிலர் இன்று தெருமுனையில் கிழிசல் தைத்துப் பிழைக்கிறார்கள். துணி எடுத்து அவர்களிடம் கொடுங்கள். மோஸ்தர் மாறினால் அதே பேன்ட்டைப் பிடித்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

போன நாகரிகம் திரும்பி வரும். போன சம்பளம் வராது.