சுருள் இல்லாதவள்

மார்க் கசின்ஸ் 2011இல் எடுத்த ‘தி ஸ்டோரி ஆஃப் ஃபிலிம்’ தொடர், உலக சினிமாவின் வரலாற்றை 15 பகுதிகளில் சொல்கிறது. பிறகு 183 பெண் இயக்குநர்களைப் பற்றி, 14 மணி நேரத்துக்கு ‘வுமன் மேக் ஃபிலிம்’ எடுத்தார். நல்லது. ஆனால் ஆண்கள் எடுத்தது வரலாறு, பெண்கள் எடுத்தது அதன் பின்னிணைப்பா?

அந்தப் பின்னிணைப்பில் இடம்பெறவும் படச்சுருள் வேண்டும். ‘காளிதாஸ்’ நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’வை எழுதித் தயாரித்து இயக்கினார். படத்தின் பிரதி நம்மிடம் இல்லை. தேசியத் திரைப்படக் காப்பகமே 1964இல்தான் வந்தது. துணுக்குகளை ஒட்டி வரலாறு சொல்பவர்கள், துணுக்கே இல்லாதவளை எப்படிச் சொல்வார்கள்?

2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது கள்ளக்குறிச்சிக்குக் கேமராக்கள் வந்தன. கருணாபுரத்துப் பெண்களின் அழுகை நாளெல்லாம் திரையில் ஓடியது. அழுகை ஓய்ந்ததும் கேமராக்கள் கிளம்பிவிட்டன. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கும் பெண்ணை எவரும் தேடவில்லை. நாளை நம்மைப் பற்றி எஞ்சும் துணுக்கு ஒப்பாரி மட்டும்தானா?

மாணவிகளே, கையில் செல்பேசி இருக்கிறது. எடுங்கள். ஊர், தேதி, எடுத்தவள் பெயர் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு பிரதி வையுங்கள். அழியாமல் வைப்பதும் பெண்ணரசியல்தான்.