சயாமுக்குப் போனவர் பட்டியல் எங்கே?

காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது ஓர் ஆள் பதில் கொடுக்கவில்லை என்றால் கிராணியார் என்ன செய்வார்? செக்ரோலில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு குறி போடுவார். அன்றைய சம்பளம் போயிற்று. காய்ச்சலா, வேறு காரணமா என்பது மாலைக்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஒருவர் ஒரு நாள் வராததற்கே இவ்வளவு கணக்கு வைத்திருந்தவை நம் தோட்டங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் அதே பிரட்டுக் களங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் போனார்கள், வரவில்லை. அவர்களுக்கு என்ன கணக்கு இருக்கிறது என்றுதான் இன்று கேட்கிறோம்.

சயாம் மரண ரயிலைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் ஜொகூரில் இராது. ஆனால் கேள்விப்பட்டது என்ன? "எங்கள் தாத்தாவின் தமையனார் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை" என்பார்கள். அவர் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "பெரியவர் என்றுதான் சொல்வார்கள்" என்று பதில் வரும். எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்? யாருடன் போனார்? அதற்கு மேல் பேச்சு எழும்பாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லக்கூடிய பாட்டிமார் லயத்துக்கு லயம் இருந்தார்கள். அன்று நாம் கேட்கவில்லை. இந்தக் குற்றத்தில் தொழிற்சங்கக்காரர்களாகிய நமக்கும் பங்குண்டு.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுவோம். பர்மாவுக்குக் கடல் வழியே படையும் பண்டமும் அனுப்புவது ஜப்பானியருக்கு ஆபத்தாயிற்று. ஆகவே சயாமிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் பிளந்து ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தனர். 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. தண்டவாளம்கூட நம் நாட்டுடையது! கெமாஸிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் பாதையைப் பெயர்த்தெடுத்துத்தான் அங்கே கொண்டுபோய்ப் பதித்தார்கள்.

அப்பொழுது இங்கே நிலைமை என்ன? ரப்பரை வாங்குவாரில்லை. பால்மரம் வெட்டாமல் நின்றது. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. அந்தப் பசியின் மீதுதான் ஜப்பானியர் வலை விரித்தனர். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம், சாப்பாடு உண்டு என்றார்கள். "ஆசியா ஆசியருக்கே" என்று முழங்கியவர்கள் அவர்கள். சிலர் நம்பிப் போயினர். போனவர்களிடமிருந்து கடிதம் வராமற் போகவே மற்றவர்கள் பின்வாங்கினார்கள். அதன் பிறகு ஆசை காட்டுவது நின்று ஆள்பிடி தொடங்கிற்று. இத்தனை பேர் வேண்டும் என்று தோட்டத்துக்குத் தோட்டம் உத்தரவு வந்தது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வெள்ளைத் துரைமார் ஓடிவிட்டார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். தோட்டத்தை நடத்தியவர்கள் நம்மவர்களே: கிராணி, கண்டக்டர், கங்காணி. யாரை அனுப்புவது என்ற பட்டியலை எழுதிய பேனாவும் நம்மவர் கையில்தான் இருந்தது. எழுத மறுத்தால் தங்கள் தலை போகும் என்பது உண்மை. ஆனால் யார் பெயர் முதலில் எழுதப்பட்டது, யார் பெயர் விடப்பட்டது என்ற பேச்சும் லயங்களில் இருந்தது, அதுவும் உண்மை. இந்தப் பேச்சு வெளியில் வரக் கூடாது என்பதற்காகவே பல பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். இன்று அந்தக் கிராணியும் இல்லை, அந்தத் தொழிலாளியும் இல்லை. பேரப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பழித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகையால் பேசலாம்.

ஜொகூரிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று நாம் இன்றும் பயணம் செய்கிற இதே வழியாகத்தான் வடக்கே போனார்கள். சாமான் பெட்டிகளில் ஆட்களை அடைத்து, நாள் கணக்கில் ஓட்டிச் சென்று, சயாமின் பான்போங்கில் இறக்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943ஆம் ஆண்டு மழை காலத்தில் காலரா பரவிற்று. மலேரியா, வயிற்றுக் கடுப்பு, எலும்பு வரை அரிக்கும் கால் புண். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குள் அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். கத்தியும் மருந்தும் இல்லாவிட்டாலும் அறிவு இருந்தது, கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து போன நம் ஆளுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லக்கூட ஒருவர் இல்லை.

இதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000க்கு மேல் மாண்டனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மலாயாவிலிருந்து போன தொழிலாளர் 70,000க்கு மேல். பெரும்பான்மையோர் தமிழர், மலாய்க்காரரும் சீனரும் இருந்தனர். ஜப்பானியர் எழுதிவைத்த கணக்கை ஏற்றுக்கொண்டாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கணக்கில் 'ஓடிப்போனவர்' என்று இன்னொரு பத்தியும் உண்டு. நோயோடு காட்டுக்குள் ஓடியவன் எத்தனை மைல் போயிருப்பான்? பர்மியர், ஜாவானியர் எல்லாரையும் சேர்த்து, மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 வரை என்றும் அதற்கு மேல் என்றும் மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை.

காஞ்சனபுரிக்குப் போய்வந்த நம் அன்பர்கள் அங்குள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வெட்டிய புல், வரிசை வரிசையாகப் பூச்செடி. பெயர், படை எண், வயது என்று பொறித்திருக்கிறது. அவர்களுக்குச் செய்தது நியாயமே, நாம் பொறாமைப்படவில்லை. படைக்கு ஒரு பெயர்ப் பதிவு இருந்தது, ஆகவே மாண்ட பின்னும் பெயர் மிஞ்சிற்று. நம்மவர்க்கு? 1990இல் காஞ்சனபுரியில் ஒரு பெருங்குழியிலிருந்து எலும்புகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்டன. எந்த எலும்பு எந்தத் தோட்டத்தான் என்று யார் சொல்வது? குவாய் நதிப் பாலம் பற்றி 1957இல் வந்த படம் உலகமெங்கும் ஓடிற்று. அதைப் படம் பிடித்தது இலங்கையில், தமிழரும் வாழும் நாட்டில். ஆனாலும் பாலத்தில் மண் சுமந்த தமிழனுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

நஷ்ட ஈட்டுக் கதையும் இதே போலத்தான். 1967இல் ஜப்பான் நம் நாட்டுக்கு 2 கோடியே 50 லட்சம் வெள்ளி பெறுமான நல்லெண்ண உதவி தர இணங்கிற்று. அது கப்பலாக வந்தது, லயத்து விதவையின் கைக்கு வரவில்லை. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் உயிரோடிருந்த தன் போர்க்கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுன் கொடுத்தது. பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குப் பால் வெட்டியவனை அந்தத் திட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. பணத்தைப் பற்றி இன்று இதற்கு மேல் பேசப் போவதில்லை.

பெயரைப் பற்றிப் பேசுவோம். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல் கூடி அடித்தும் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்ற கொடுமை பல பத்தாண்டுகள் நடந்தது. ஊரார் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு யாரும் பேசவில்லை. 2018இல் அலபாமா மாநிலத்தின் மோன்ட்கமரி நகரில் அதற்கொரு நினைவிடம் திறந்தார்கள். 800க்கு மேற்பட்ட இரும்புத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக. அவற்றில் 4,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள். பெயர் கிடைக்காத இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்றே பொறித்தார்கள். கொலை நடந்த இடங்களுக்கு மக்களே நடந்து போய் மண் எடுத்து, சாடிகளில் இட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன? பழைய பத்திரிகை, நீதிமன்றக் காகிதம், குடும்பத்தார் வாய்மொழி. அவ்வளவு தூரம் போவானேன்? பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், ஜப்பானியரால் கொல்லப்பட்டோரின் எலும்புகளைச் சீன சமூகத்தார் முன்னின்று திரட்டினர். 1967இல் பொது நினைவுத் தூண் எழுந்தது.

நம்மவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். ஆர். சண்முகம் அவர்கள் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி அவர்கள் 'நினைவுச் சின்னம்' எழுதினார். மலேசியத் தமிழர் சிலர் ஆண்டுக் கணக்கில் உழைத்து, 2023இல் காஞ்சனபுரிப் புத்த ஆலயம் ஒன்றில் நடுகல் நாட்டினார்கள். மாண்ட வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். அதைச் சயாம் மண்ணில் செய்தவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அந்தக் கல்லில் ஏறவேண்டிய பெயர்கள் தோட்டத்தில்தான் கிடக்கின்றன. தோட்டமோ கைவிட்டுப் போகிறது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனையையும் வெட்டி வீடு கட்டுகிறார்கள். ஆபீஸ் மாறும்போது பழைய புத்தகங்கள் குப்பைக்குப் போகின்றன. அன்று இருபது வயதில் போனவர் இன்று இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார்.

ஆகவே தோட்ட ஆபீஸில் வேலை செய்யும் கிராணிமார்களே, உங்களிடம் முதல் வேண்டுகோள். பழைய செக்ரோல், சாவுப் பதிவு, குடியிருப்புப் பதிவு எதுவானாலும், கறையான் தின்ற ஓர் ஏடானாலும், எரிப்பதற்கு முன் கிளைச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். பால்வெட்டும் தோழர்களே, பட்டணத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளே, வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். அம்மை, பாட்டி சொன்னதாக அவர்களுக்கு நினைவிருப்பதைக் கேளுங்கள். எந்த நாளில் செத்தார் என்று தெரியாததால் பல குடும்பங்கள் அமாவாசையில் படையல் வைத்தார்கள். அந்தப் படையலில் யார் பெயரைச் சொன்னார்கள் என்று கேட்டால் பெயர் வரும். கோயில் வரவு செலவுப் புத்தகத்தில், பழைய கல்யாணப் பத்திரிகையில் தேடினாலும் கிடைக்கலாம்.

போனவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டம், போன ஆண்டு, அவர் விட்டுப்போனவர்கள் யார்: இவ்வளவு எழுதினால் போதும். முழுப் பெயர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள். அதுவும் தெரியாவிட்டால் 'இன்ன தோட்டம், இன்னாருடைய அண்ணன்' என்று எழுதுங்கள். திரும்பி வந்தவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். கிளைச் செயலாளரிடம் கொடுத்தால் நமக்கு வந்து சேரும். அடுத்த இதழ் முதல் இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் தோட்டவாரியாக அந்தப் பெயர்களுக்கு ஒதுக்கப்படும். முதலில் சிகாமட் வட்டாரத்திலிருந்து தொடங்குகிறோம்.