மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ!

கச்சேரி நன்றாக இருந்தால் கைதட்டல் பாடகருக்கு. மைக் 'கீ...' என்று அலறினாலோ, அரங்கமே திரும்பி முறைப்பது மிக்ஸருக்குப் பின்னால் இருக்கும் சவுண்ட் என்ஜினியரை!

இந்த வேலைக்கென்றே இன்று படிப்புகள் இருக்கின்றன. சேருகிற மாணவர்களில் பலருக்கும் ஆசையெல்லாம் அந்தப் பெரிய மிக்ஸர் மேல்தான். ஆனால் படிப்பு தொடங்க வேண்டியது அங்கே அல்ல, காதில்.

1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000 பேருக்கு மேல் கூடினார்கள். கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கும் வழக்கம் அப்போது பரவியிருக்கவில்லை. இன்று எல்லா மேடையிலும் மானிட்டர் இருக்கிறது. ஆனால் புதுப் பிரச்சினை ஒன்றும் கூடவே வந்துவிட்டது.

நம்மூர் சபா கச்சேரியையே பாருங்கள். பாடகர் "மானிட்டர் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். அடுத்து வயலின், அப்புறம் மிருதங்கம். ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து, பெருகி, அலறும். இதுதான் ஃபீட்பேக். கேட்டவருக்கு ஏற்றுவதை விட மற்றதைக் குறைப்பதே பல நேரம் சரியான விடை. இது புத்தகத்தில் ஒரு வரி. கைக்கு வர நூறு மேடை வேண்டும். ஸ்டுடியோவில் தவறினால் இன்னொரு டேக் உண்டு, மேடையில் கிடையாது.

ஆகவே மாணவர்கள் படிக்கும்போதே கல்லூரி விழா, கோயில் திருவிழா என்று போய்க் கேபிள் சுற்ற வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாதவருக்கு மிக்ஸர் வெறும் பொம்மை.

இன்னொன்று, இதைவிட முக்கியம். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் வரம்பு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான்! காதடைப்பான் போடுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் யோசிக்கட்டும். உள்காதில் செத்துப்போன செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

மிக்ஸர் பழுதானால் வாடகைக்கு வேறு கிடைக்கும். காது?