மினுக்கமும் தேய்மானமும்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ்ஸானாலும், மாங்குளம் திரும்பி மல்லாவிக்கு நெல் ஏற்றச் செல்லும் லொறியானாலும், முறிகண்டிப் பிள்ளையாரைக் கண்டால் ஒரு கணம் நின்று கற்பூரம் கொளுத்தாமல் கடந்து போவதில்லை என்பதை வன்னியில் யாவரும் அறிவர். புதிதாக வாங்கிய காரென்றால் தேங்காய் உடைத்து, சில்லுகளின் கீழ் எலுமிச்சங்காய் வைத்து, பொனற்றின்மேல் விபூதியும் சந்தனமும் குங்குமமும் சாத்துவதும் உண்டு. அந்தப் பக்தியில் யாதொரு குறையும் காண்பதற்கில்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்ததும், ஏ9 வீதியின் புழுதியோடு கலந்து காய்ந்துபோன அந்தத் திருநீற்றை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறவர், தம்முடைய வாகனத்துக்கு முதலாவது பொலிஷைத் தாமே, அதுவும் மிக மோசமான மருந்தைக் கொண்டு, போட்டுவிட்டார் என்பதை உணர்வதில்லை.

ஏனெனில் சாம்பலும் ஒரு மினுக்கு மருந்துதான். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டு நம்முடைய பாட்டிமார் தேய்த்தபோது நடந்ததற்கும், இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 'கட் அண்ட் பொலிஷ்' என்ற பெயரில் நடப்பதற்கும் தத்துவத்தில் பேதமில்லை. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் மேற்பரப்பைச் சுரண்டிச் சமப்படுத்தும் காரியமே. விளக்கு முழுவதும் பித்தளையாதலால் எத்தனை தலைமுறை தேய்த்தாலும் கீழேயிருந்து பித்தளையே வெளிப்படும். காரின் மினுக்கமோ மேலே இட்ட ஒரு மெல்லிய தோலில் மாத்திரம் தங்கியிருப்பது. இன்றைய கார்களின் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதற்கும் மேலே 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற பூச்சு என்று நான்கு படைகள் உண்டு. நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரைதான், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அவற்றில் மினுக்குவதற்கு உரியதான அந்த மேற்பூச்சு சுமார் 40 அல்லது 50 மைக்ரோன். நாம் எழுதும் சாதாரணக் கடதாசியின் தடிப்பில் அரைவாசி. வெயிலின் ஊதாக்கடந்த கதிரிலிருந்து கீழுள்ள நிறத்தைக் காப்பதும் அதுவே.

பொலிஷ் போட்டால் கீறல் 'நிரம்பிவிடுகிறது' என்று அநேகர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது: கீறலின் இருபுறமும் உள்ள மேடு பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்கப்படுகிறது, கீறல் மறைவது அதனால்தான். ஆகவே எந்தப் பொலிஷை வாங்குவது என்ற கேள்விக்கு, எது அதிகம் மினுங்கச் செய்யும் என்பதை அல்ல, நம்முடைய காரில் இன்னும் எவ்வளவு பூச்சு மிஞ்சியிருக்கிறது, அதில் எவ்வளவைக் கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்பதை முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இந்தக் கேள்வி இந்த நாட்டில், விசேஷமாக இந்தப் பகுதியில், ஓர் ஆடம்பரக் கேள்வியன்று. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருஷங்களில் ஒரு வாகன்ஆரும் ஒரு அக்சியோவும் வாங்கிய விலைக்கு மேலே விற்கப்பட்ட விநோதத்தைக் கண்டோம்; இறக்குமதி திறந்த பின்னும் வரியின் பாரத்தால் புதிய கார் சாமானியனுக்கு எட்டுவதாயில்லை. ஆகவே ஒரே கார் கை மாறிக் கை மாறி ஓடுகிறது. ஒவ்வொரு கை மாறும் தருணத்திலும், விற்பவர் அதைக் கொண்டுபோய் ஒரு தடவை 'வெட்டி'ப் பளபளக்கச் செய்து, மறுநாள் படம் எடுத்து விலை பேசுகிறார். மூன்று நான்கு சொந்தக்காரரைக் கண்ட காரின் கூரையில் மேற்பூச்சு உரிந்து, தேமல் பிடித்ததுபோல் வெளிறிக் கிடப்பதற்கு வன்னி வெயிலை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. வெயிலைத் தாங்க வேண்டிய பூச்சை முன்னமே சுரண்டி எடுத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

கடையில் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும் டப்பாக்கள் ஒரே சாதியைச் சேர்ந்தவை அல்ல. 'கொம்பவுண்ட்' என்பது கனமாக வெட்டுவது. அது ஆழ்ந்த கீறலை எடுக்கும், கூடவே சில மைக்ரோன்களையும் எடுத்து, தன்னுடைய சொந்தக் கீறலாக ஒரு மங்கலையும் விட்டுச் செல்லும். 'ஃபினிஷிங் பொலிஷ்' அந்த மங்கலை நீக்கும் நுண்ணிய மருந்து. அது எடுப்பது மிகச் சொற்பம். 'வாக்ஸ்' எதையும் வெட்டுவதில்லை. மேலே படிந்து காப்பதே அதன் வேலை. நான்காவது வகை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும். எண்ணெயும் மெழுகும் கலந்து கீறலின் பள்ளத்தை அடைத்து மறைக்கும் இவ்வகை மருந்து, நாலைந்து முறை கழுவியதும் கரைந்துபோக, கீறல்கள் பழையபடி தலைகாட்டும். வாங்க வந்தவர் ஐசோபுரோப்பில் அற்ககோலைத் தண்ணீரில் கலந்து ஒரு துணியில் நனைத்து ஓரிடத்தைத் துடைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சூரியனை நேரே பிரதிபலிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் சிலந்திவலை போன்ற வட்டக் கீறல்கள் பிரத்தியட்சமாகும். இத்தகைய மருந்தை விற்பதோ பூசுவதோ குற்றமல்ல. 'திருத்தம்' என்று சொல்லி அதற்குக் கூலி வாங்குவதுதான் தவறு.

இனி, எந்தக் காருக்கு எது? யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைச் சொட்டுக் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் நம்மிடையே இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. பழைய முறைப் பூச்சு மாறாமலிருக்கும் அத்தகைய கார்களுக்குத் தனி மேற்பூச்சு கிடையாது. நிறமே மினுக்கமும் ஆகும். வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் இட்டு மறைவான இடத்தில் தேய்க்க, துணியில் காரின் நிறம் ஏறினால் இந்த இனம் என்று அறிந்துகொள்ளலாம். இதற்குக் கையால் இடும் மென்மையான பொலிஷே போதும். யுத்தத்தில் அடிபட்டுப் பின்னர் தகடு தட்டிப் பட்டி வைத்து உள்ளூர்க் கராஜில் பூசிய வாகனங்களின் சங்கதி வேறு. ஆலையில் உயர்ந்த சூட்டில் சுட்டெடுத்த பூச்சைப் போல இது கடினப்பட்டிருப்பதில்லை. ஒரு கதவில் தடித்தும் அடுத்த கதவில் மெலிந்தும் இருக்கும். மிகுதியாக ஓடும் யப்பானியக் கார்களின் பூச்சோ பொதுவாக மென்மையானது. நுண்ணிய பொலிஷே அதில் வேண்டிய அளவு வெட்டிவிடும். கறுப்பு நிறக் காரை வன்னியில் வைத்திருப்பவர் ஒரு தவத்தை மேற்கொண்டவர் என்றே சொல்ல வேண்டும். கிரவல் வீதியின் புழுதி அதன்மேல் காட்டாத கீறல் இல்லை.

எந்த இனமானாலும், மிக மென்மையான மருந்தையும் மென்மையான பஞ்சையும் கொண்டு ஒன்றரை அடிச் சதுரத்தில் முதலில் சோதித்து, அதனால் ஆகாதபோதே ஒரு படி கனத்ததற்குப் போக வேண்டும். நம்முடைய வழக்கம் தலைகீழானது: முதலிலேயே கம்பளிப் பஞ்சைச் சுழல் இயந்திரத்தில் மாட்டிக் கனத்த கொம்பவுண்டைப் பூசி, கதவின் விளிம்பில் பூச்சு எரிந்து அடிப்பூச்சு தெரிந்த பின்னரே கையை எடுக்கிறோம். தகரக் கொட்டகைக்குள் நண்பகலில் வேலை செய்வதனால் வரும் தொல்லையும் உண்டு. சூடேறிய தகட்டில் மருந்து நொடியில் உலர்ந்து மாவாகிவிட, துகள்கள் தம் வேலையை முடிக்குமுன் புதுக் கீறலை இடுகின்றன. சீக்கிரம் உலராத எண்ணெய்த்தன்மை கூடிய மருந்தே இந்தச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது; காலை நேரமே அதற்கு உகந்த வேளை.

மருந்தே வேண்டாத குறைகளும் அநேகம். கிணற்று நீரால் கழுவி வெயிலில் உலரவிட்ட காரில் படியும் வெள்ளைப் புள்ளிகள், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் படிவு. நாட்படாதவையாயின், நீர் கலந்த வினாகிரியை நிழலில் தடவி உடனே கழுவினால் போய்விடும். அதற்குக் கொம்பவுண்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பற்பசையால் கீறல் எடுக்கும் யுக்தியைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே உத்தமம்.

வாகனம் துலக்கும் நிலையங்கள் கொடுக்கும் பற்றுச்சீட்டில் 'கட் அண்ட் பொலிஷ்' என்ற மூன்று சொல்லும் ஒரு தொகையும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. எந்த மருந்து, எத்தனை தடவை, முன்னும் பின்னும் பூச்சின் தடிப்பு எவ்வளவு என்பதை எழுதித் தருவது பெரிய பிரயாசையன்று. தடிப்பை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்குவது, முழுக் காரையும் சில நிமிஷங்களில் அளந்துவிடலாம். ஒவ்வொரு கை மாற்றத்திலும் அந்தச் சீட்டுகள் வாகனப் புத்தகத்தோடு சேர்ந்து போகுமானால், வாங்குகிறவர் மினுக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டிய அவசியம் நேராது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபை இதில் சிரத்தை கொள்ளுமானால் நல்லது. கொள்ளும்வரை, கேட்டு வாங்கும் உரிமை நம்முடையது.

நகத்தால் வருடும்போது நகம் மாட்டுமளவுக்கு ஆழ்ந்த கீறலை எந்தப் பொலிஷும் எடுக்காது. அதற்கு மீண்டும் பூசுவதே வழி. ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் உள்வீதிகளில் நாள்தோறும் போய்வருகிறவர் அதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை. இருபுறப் பற்றைகளின் முட்கள் அடுத்த வாரமே புதிதாக எழுதிவிடும். அப்படிப்பட்டவர் கனத்த திருத்தத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, புழுதியை முதலில் ஏராளமான தண்ணீரால் இறக்கிவிட்டு மென்துணியால் கழுவி, மாரிக்கு முன் ஒரு தடவை வாக்ஸ் பூசிக்கொள்வது நன்று; இருக்கிற கீறல்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.